மஞ்சளாகவே எரிந்த மூன்று வாரம்

ஆம்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அமிர்தவள்ளி பதினாறு வருஷமாக அட்டெண்டர். பதவிக்குப் பெயர் அதுதான். செய்கிற வேலையைப் பார்த்தால் இன்னும் நாலு பெயர் சேர்த்து வைக்கலாம், ஆனால் யார் வைக்கப் போகிறார்கள்? ஆசிட் ஊற்றி வைப்பவள் அவள், உடைந்த கண்ணாடிக் குழாயைப் பொறுக்குபவள் அவள், டிஸ்டில்டு வாட்டர் காய்ச்சி இறக்குபவள் அவள். முதல் நாள் லேபுக்கு வந்து நெடி தாங்காமல் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிற பெண்ணுக்கு முகம் துடைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்பதும் அவள்தான்.

அவள் பிறந்தது பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில். பத்தாம் வகுப்பில் அறிவியலில் முப்பத்திரண்டு மார்க் வாங்கித் தவறிவிட்டாள். இன்னும் மூன்று மார்க் போட்டிருந்தால் அந்த வாத்தியாருக்கு என்ன சொத்தா குறைந்திருக்கும்? போடவில்லை. அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு வேலூரில் ஒரு ஜவுளிக் கடைக்குச் சேலை எடுத்துப் போடப் போனாள். இரண்டு வருஷம் சேலை மடித்ததில் கண்ணுக்கு நிறம் பழகிவிட்டது. கூட்டத்தில் நிற்கிற பெண்ணின் ரவிக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்குத் தோதான சேலையை மேலே மூன்றாவது அடுக்கிலிருந்து உருவிப் போடுவாள். பிறகு காசிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு ஆம்பூருக்கு வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் ஏழெட்டு வருஷம் உட்கார்ந்தாள், முதுகு வலி வந்து எழுந்தாள். அதன் பிறகுதான் கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது.

பெருக்க வந்த முதல் வாரம், துடைப்பத்தோடு லேப் வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு பெண் கம்பியில் ஏதோ ஒரு வெள்ளைத் தூளைத் தொட்டு பர்னரின் நீல நெருப்பில் நீட்டினாள். நெருப்பு குங்குமச் சிவப்பாக எழும்பியது. அடுத்த பெண் நீட்டியபோது வாழைக்குருத்துப் பச்சை. இரண்டு தூளும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளை! என்னடா இது அதிசயம் என்று அவள் வாய் பிளந்து நின்றதைப் பார்த்து அப்போதிருந்த அட்டெண்டர் விரட்டிவிட்டார். அவர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு யாரும் வர மாட்டேன் என்றார்கள், ஆசிட் பயம். இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கம்பியை ஆசிட்டில் நனைத்து உப்பைத் தொட்டு நெருப்பில் காட்டினால், அந்த உப்புக்குள் எந்த உலோகம் இருக்கிறதோ அது தன் நிறத்தைக் காட்டிவிடும். வேதியியலில் உப்பு என்றால் சமையல் உப்பு மட்டுமில்லை, எத்தனையோ உலோகங்களுக்கு எத்தனையோ உப்பு. புத்தகத்தில் அந்த நிறங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் போட்டிருக்கிறது. அமிர்தவள்ளிக்கு ஜவுளிக் கடைப் பெயர்கள் போதும். ஸ்ட்ரான்ஷியம் குங்குமம், கால்சியம் செங்கல், பேரியம் வாழைக்குருத்து, காப்பர் மயில் கழுத்து, பொட்டாசியம் கத்தரிப்பூ, சோடியம் சுத்த மஞ்சள். நெருப்பைப் பார்த்து விழிக்கிற பெண்கள் “அக்கா, இது இன்னா கலர்க்கா?” என்று மெதுவாகக் கேட்பார்கள். அவள் சொல்லிவிடுவாள். ஒருத்தி ரெக்கார்டு நோட்டில் ‘மயில் கழுத்து, ஆகவே காப்பர்’ என்று எழுதி வைத்துவிட, துறைத் தலைவி மெர்சி மேடம் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஆசிரியர் அறைக்குப் போய் வாய்விட்டுச் சிரித்தாராம்.

மெர்சி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் பட்டம் வாங்கியவர், அமிர்தவள்ளியைவிட இரண்டு மூன்று வயது இளையவர், கறார் பேர்வழி. ஆனால் அநியாயமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். பத்து வருஷத்தில் அவரிடம் அமிர்தவள்ளி திட்டு வாங்கியது இரண்டே தரம், இரண்டும் நியாயமான திட்டு. அதனால்தான் இந்த மார்ச் மாதம் நடந்தது அவளுக்கு அப்படி வலித்தது.

மார்ச் தொடக்கத்திலிருந்து லேபில் எல்லா நெருப்பும் மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. பேரியம் கொடுத்தாலும் மஞ்சள், கால்சியம் கொடுத்தாலும் மஞ்சள். காப்பரில் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் பச்சை எட்டிப் பார்த்தது. கண்ணாடிக் குழாயில் கரைத்துச் செய்கிற மற்ற சோதனைகளில் பேரியம் என்று சரியாக வரும், நெருப்புக்குப் போனால் சோடியம் என்று அடித்துச் சொல்லும். எதை நம்புவது என்று தெரியாமல் மூன்றாம் வருஷப் பெண்கள் அழாத குறை. பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு ஏப்ரலில், வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். வந்தவர் இந்த மஞ்சள் கூத்தைப் பார்த்தால் கல்லூரி மானம் கப்பலேறிவிடும்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வியாழக்கிழமை மெர்சி மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பெரிய டப்பாவிலிருந்து சின்ன பாட்டில்களுக்கு உப்பு நிரப்புவது அமிர்தவள்ளியின் வேலை. சோடியம் குளோரைடை எடுத்த கரண்டியையே எல்லா பாட்டிலிலும் போட்டிருக்கிறாள், அறுபது பாட்டிலும் கெட்டுவிட்டது என்றார் மேடம். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

“பாட்டிலுக்கு ஒரு கரண்டி வச்சிருக்கேன் மேடம். மாத்திப் போட மாட்டேன்” என்றாள் அமிர்தவள்ளி.

“அப்புறம் சோடியம் எங்கேர்ந்து வந்துச்சு அமிர்தம்மா? வானத்துலேர்ந்தா?”

மறுநாள் முதல்வருக்குக் கடிதம் கொடுக்கப் போவதாக மேடம் சொன்னார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவளுக்கு நூலக வாசலில் பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற வேலை. சம்பளம் அதே சம்பளம். நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு, ஆசிட் நெடி கிடையாது. வேறு யாராவது என்றால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்திருப்பார்கள். அமிர்தவள்ளி அப்படியில்லை. பதினாறு வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கதவைத் திறக்கும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. அதை விட்டுவிட்டு டோக்கன் கொடுப்பதா? அதுவும் கை சுத்தமில்லாதவள் என்ற பெயரோடா?

மறுநாள் கடிதம் போய்விட்டது. சனிக்கிழமை லேபுக்கு வகுப்பு கிடையாது, குழாய் கழுவ மட்டும் வருவாள். அன்றைக்குக் கழுவவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பர்னரைப் பற்ற வைத்தாள். அட்டெண்டர் சோதனை செய்யக் கூடாது என்று விதி. போகட்டும், இனிமேல் என்ன பண்ணிவிடப் போகிறார்கள்?

பேரியம் பாட்டிலை எடுத்தாள். கண்ணாடித் தட்டைத் துணியால் துடைத்துத் தூளை வைத்தாள், இரண்டு சொட்டு ஆசிட் விட்டாள், கம்பியைத் துடைத்துத் தொட்டு நீட்டினாள். மஞ்சள். சரி, பாட்டில்தான் கெட்டிருக்கிறது போலும் என்று அலமாரியிலிருந்து சீல் உடைக்காத ஸ்ட்ரான்ஷியம் டப்பாவை எடுத்து உடைத்தாள். எந்தக் கரண்டியும் அதில் போனதில்லை. அதுவும் மஞ்சள்! அவளுக்கு உயிர் வந்தது. தப்பு தன் கரண்டியில் இல்லை. ஆனால் எங்கே? ஆசிட்டை மாற்றினாள், புது பாட்டில். மஞ்சள். வேறு பர்னருக்குப் போனாள். மஞ்சள். எரிச்சல் தாங்காமல் கம்பியை ஆசிட்டில் முக்குவதும் நெருப்பில் காய்ச்சுவதுமாக ஐந்தாறு தரம் செய்தாள். கடைசியில் கம்பியைக் காட்டினால் நெருப்பு அசையாமல் நீலமாகவே நின்றது. அந்தச் சூட்டோடு, தட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கம்பியை நேரே ஆசிட்டில் நனைத்து, பேரியம் பாட்டிலுக்குள்ளேயே விட்டுத் தொட்டு நீட்டினாள்.

வாழைக்குருத்து! மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த பச்சை, கொழுகொழு என்று வந்து நின்றது. அமிர்தவள்ளி தனியாக நின்றுகொண்டு சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் கம்பியைத் துணியால் துடைத்தாள். ஸ்ட்ரான்ஷியத்தைத் தொட்டு நீட்டினாள். மஞ்சள்.

அவள் சிரிப்பு நின்றது. கம்பியை மறுபடி சுத்தமாகக் காய்ச்சினாள், நீலம் வரும்வரை. பிறகு உப்பு எதையும் தொடாமல், ஆசிட்டில் நனைத்த கம்பியைத் துணியில் மட்டும் ஒரு இழுப்பு இழுத்து நெருப்பில் காட்டினாள். மஞ்சள் குபுக்கென்று எழுந்தது. வெறும் துணி, வேறொன்றுமில்லை. அலமாரியில் மடித்து வைத்திருந்த, யாரும் இன்னும் தொடாத துணி ஒன்றை எடுத்தாள். லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியவளே அவள்தான். இருந்தாலும் துணியின் நுனியை நாக்கில் வைத்தாள்.

கரித்தது. அந்தக் கரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

லேபில் துடைப்பதற்கென்று பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகள் இருபத்து நாலு உண்டு. கல்லூரியில் துவைக்க வசதி கிடையாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து, காய வைத்து, நாலாக மடித்துக் கொண்டுவருவது அவள் தானாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பதினாறு வருஷமாக அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. ஆனால் பிப்ரவரி மாதக் கடைசியில் அவர்கள் வீடு மாறினார்கள். பழைய வீட்டை இடித்துக் கட்டப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். காசிநாதன் வேலை பார்ப்பது மஹபூப் பாஷாவின் பச்சைத் தோல் மண்டியில். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமலிருக்க அள்ளி அள்ளி உப்புப் போட்டு அடுக்கி வைக்கிற இடம் அது. மண்டிக்குப் பின்னாலேயே ஒரு வீடு காலியாக இருந்தது. பாய் நல்ல மனுஷர், நீங்களே இருங்கள் என்று கொடுத்துவிட்டார். அங்கே போர்வெல்லில் வருகிற தண்ணீரே கரிக்கும். அது போதாதென்று, கொடி கட்டியிருக்கிற இடத்துக்கு அந்தப் பக்கம்தான் காசிநாதனும் இன்னும் இரண்டு பேரும் தோலைப் பிடித்து உதறுவார்கள். பழைய உப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புது உப்புத் தூவ வேண்டும் அல்லவா? உதறினால் பறக்கும். பறந்தால் எங்கே போகும்? கொடியில் காய்கிற துணிக்குத்தான்.

வீட்டில் தலையணை கரித்தது, சாப்பாட்டுத் தட்டு கரித்தது, புருஷன் சட்டையைச் சொல்லவே வேண்டாம். ஒரு மாதத்தில் அதெல்லாம் பழகியும் போய்விட்டது. லேப் துணியும் அதே கொடியில்தானே காய்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தாளா? யோசிக்கவில்லை. அந்த ஊரில் யாருமே யோசித்திருக்க மாட்டார்கள். உப்பைத் துடைத்துவிட்டுப் போவார்களே தவிர, அதைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

எழுந்தாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற இருபத்து மூன்று துணியையும் தொட்டியில் போட்டு, தான் காய்ச்சி வைத்த டிஸ்டில்டு வாட்டரிலேயே மூன்று தரம் அலசி, லேபுக்குள்ளேயே கயிறு கட்டிக் காய வைத்தாள். காய்ந்ததும் ஒன்றில் கம்பியை இழுத்துக் காட்டினாள். நெருப்பு நீலமாகவே இருந்தது. அலசாமல் விட்ட துணியைத் தனியாக ஒரு உறையில் போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது காசிநாதனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் கெட்டிக்காரன். எடுத்த எடுப்பில் வழி சொன்னான்.

“துணிய அலசிட்ட இல்ல? திங்கக்கெழம நெருப்பு ஒழுங்கா எரியும். பாட்டில் கெடலன்னு அந்தம்மாவே லெட்டர வாபஸ் வாங்கிக்கும். நீ எதுக்கு வாயத் தொறந்து பேஜார இழுத்து வுட்டுக்கிற?”

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். அமிர்தவள்ளி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் இருந்தால் லேபில் இருக்கலாம். சொன்னால், கரண்டியை மாற்றிப் போடவில்லை என்பது தெரிந்துவிடும், ஆனால் மூன்று வாரம் அத்தனை பெண்களையும் அழவைத்த உப்பு அவள் வீட்டிலிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். மேடம் சொன்ன காரணம்தான் தப்பு, ஆள் தப்பில்லை. இதைவிடப் பொல்லாத நிலைமை என்ன இருக்கிறது?

“காரணம் தெரியாம போனா அறுபது பாட்டிலையும் கொட்டிருவாங்க” என்றாள்.

“கொட்டட்டும். ஒன் வூட்டு உப்பா?”

“என் வூட்டு உப்புதான்யா அது” என்றாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு நீளக் கயிறு கொண்டுவந்து, வீட்டுக்குத் தெருப்பக்கம், மண்டிக் காற்று வராத இடத்தில் புதுக் கொடி கட்டிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மெர்சி மேடம் வருவதற்காக லேப் வாசலில் காத்திருந்தாள். ஐந்து நிமிஷம் உள்ளே வாருங்கள் மேடம் என்று கூப்பிட்டு, பர்னரைப் பற்ற வைத்து, கம்பியைக் காய்ச்சிக் காட்டினாள். நீலம். உறையிலிருந்த துணியை எடுத்து, கம்பியை நனைத்து, அதில் இழுத்துக் காட்டினாள். மஞ்சள். மறுபடி காய்ச்சி, அலசிய துணியில் இழுத்துக் காட்டினாள். நீலம். பிறகுதான் வாயைத் திறந்து வீடு மாறியதிலிருந்து கொடிவரை எல்லாவற்றையும் சொன்னாள்.

“கரண்டி மாறல மேடம். ஆனா தப்பு எங்கிட்டதான். நான்தான் வூட்லேர்ந்து கொண்டாந்து போட்டிருக்கேன்.”

மேடம் கம்பியை அவள் கையிலிருந்து வாங்கினார். தானும் ஒருமுறை காய்ச்சினார், துணியில் இழுத்தார், காட்டினார். மஞ்சள்.

“உப்பு இல்லாம வெறும் துணியக் காட்டிப் பாக்கணும்னு யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல மேடம். ஒண்ணொண்ணா தள்ளிக்கிட்டே வந்தேன். கடைசில அதான் மிச்சம் இருந்துச்சு.”

மெர்சி மேடம் முகம் சிவந்துவிட்டது. கோபம் என்று நினைத்து அமிர்தவள்ளி ஓரடி பின்னால் போனாள். கோபம் இல்லை, வெட்கம். உப்பு சேர்க்காமல் மற்றதையெல்லாம் சோதித்துப் பார்ப்பதுதான் எந்தச் சோதனைக்கும் முதல் படி என்று இருபது வருஷமாக வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மூன்று வாரத்தில் அதை அவர் ஒருதரம்கூடச் செய்து பார்க்கவில்லை. பாட்டிலையும் பார்க்கவில்லை, துணியையும் பார்க்கவில்லை, அட்டெண்டரை மட்டும் பார்த்தார்.

துணியை உறையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, இருங்கள் வருகிறேன் என்று முதல்வர் அறைப் பக்கம் போனார்.

அமிர்தவள்ளிக்கு எதிலும் கை ஓடவில்லை. கழுவிய குழாய்களையே எடுத்து மறுபடி கழுவினாள். மணி பத்தாயிற்று. மூன்றாம் வருஷப் பெண்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் சலசலவென்று வந்து சேர்ந்தார்கள். அவர்களை உள்ளே விடலாமா, விட இன்னும் தனக்கு அதிகாரம் இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பத்தரை ஆயிற்று. போச்சு, எல்லாம் முடிந்தது, டோக்கன்தான் என்று அவள் தீர்மானமே செய்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

மேடம் வந்தார். கையில் உறை இல்லை. வெள்ளிக்கிழமை கொடுத்த கடிதம் இருந்தது, நாலாக மடித்து.

“மூணு வாரம் வீணானதுக்கு யார் பொறுப்புன்னு பிரின்சிபால் கேட்டாங்க” என்றார். “நான்னு சொன்னேன்.”

“துணி என்னுது மேடம்.”

“துணி உங்களுது. பாக்காதது நான்.” கடிதத்தைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். “இனிமே துணி வீட்டுக்குப் போக வேண்டாம். இங்கேயே குழாய் போட்டுத் தரச் சொல்லியிருக்கேன். கரண்டின்னு சொன்னேனே அமிர்தம்மா, அத மனசுல வச்சுக்காதீங்க.”

அமிர்தவள்ளிக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. பரவாயில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும், அவ்வளவு வலித்திருந்தது. வலித்தது என்று சொல்லவோ அப்போது மனசு வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

மேடம் மேசை மேலிருந்த ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்தபடி, பெண்கள் ஏன் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டார்.

“நீங்க சொல்லாம எப்படி மேடம் விடறது?”

“லேப் யாரோடது? உங்களோடதுதானே. விடுங்க” என்றார் மெர்சி மேடம்.

அமிர்தவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய்க் கதவை அகலமாகத் திறந்தாள்.